கதவுக்கு அடியில் வந்த கமிஷன்

அன்று மதியம் சங்க அறையில் நடந்த அவசரக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: தலைவர், பொருளாளர் மொக்கச்சாமி அண்ணன், ஏரிக்கரை ஜீப் ஸ்டாண்டின் டிரைவர்கள் எல்லாரும், சாட்சி சொல்வதற்காகக் கடையைப் பூட்டிவிட்டு வந்த தைலக்கடை காதர் பாய். செயலாளர் என்ற முறையில் நான். குற்றம் சாட்டப்பட்டவன் என்ற முறையிலும் நானே. வராதவர்கள்: புகார் சொல்லிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்ட கோயம்புத்தூர்க் குடும்பம்; கூப்பிட்டதற்கு 'யாவாரம் கெடக்கு' என்று சொல்லிவிட்ட சாக்லேட் கடைக்காரர். இவர்களைத் தவிர, எவ்வளவு கெஞ்சியும் வராதது இன்னொன்று இருந்தது. அது என் சிறுநீர். கூட்டமே அதனால்தான்.

புதிதாக ஸ்டாண்டுக்கு வந்திருக்கும் தம்பிகளே, சிரியுங்கள், தப்பில்லை. அன்றைக்கு அந்த அறையும் கடைசியில் சிரித்துத்தான் கலைந்தது.

இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெறுகிறவன் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பரீட்சை மேல் பரீட்சையாக எழுதி, ஒருவழியாகத் திண்டுக்கல்லில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் இறங்குகிறேன். ஸ்டாண்டில் இப்போதே என்னை 'ரிட்டயர்டு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். "போறதுக்கு முன்னாடி புதுப் பயலுகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுத்துட்டுப் போ" என்று தலைவர் சொன்னார். வளைவில் எந்த கியர், மூடுபனியில் எந்த லைட் என்பதெல்லாம் மொக்கச்சாமி அண்ணன் சொல்லித் தருவார், கெட்ட வார்த்தைகளோடு சேர்த்து. அவர் சொல்லித் தராததை நான் சொல்கிறேன்.

முதலில் கமிஷன் விஷயம். நாம் ஏற்றிக்கொண்டு போகிற சுற்றுலாக் குடும்பத்துக்கு நம் பாஷையில் 'பார்ட்டி' என்று பெயர். பார்ட்டியை ஒரு கடை வாசலில் இறக்கிவிட்டால் கடைக்காரர் நமக்கு ஏதோ கொடுப்பார். பார்ட்டி பார்க்கும்படி கொடுத்தால் அசிங்கம். அதனால் டிரைவர் சோம்பல் முறித்தபடி கடைக்குப் பின்பக்கம் போவான். கடைக்காரரும் ஏதோ ஞாபகம் வந்தவர் போலப் பின்னாலேயே போவார். இந்த மலையில் கடைக்குப் பின்பக்கம் என்றால் இரண்டே இரண்டுதான் இருக்கும்: ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பாத்ரூம். தலைமுறை தலைமுறையாகக் கமிஷன் கைமாறுவது பாத்ரூம் வாசலில்தான்.

இது அளவு மீறிப் போய், பார்ட்டிகள் திட்ட ஆரம்பித்த பிறகு சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. பார்ட்டி கேட்காமல் கடையில் நிறுத்துகிறவனுக்கு மே மாதம் முழுக்கச் சவாரி வரிசையில் இடம் கிடையாது. தீர்மானத்தை அழகான தமிழில் எழுதியது நான்தான். மே என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். அந்த ஒரு மாதத்தில் ஓட்டுவதை வைத்துத்தான் ஜூலை மழையில் சாப்பிடுகிறோம், வண்டிக் கடனைக் கட்டுகிறோம். மே போனால் வண்டியே போகும்.

இனி என் கதை.

அந்தக் கூட்டத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் வியாதி. யாரும் சாகவில்லை, காதல் முறியவில்லை, கடன் கழுத்தை நெரிக்கவில்லை. ஒருநாள் காலை வண்டியில் ஏறிச் சாவியைப் போட்டவன், திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். திருப்பி என்ன ஆகப்போகிறது என்று இருந்தது. மறுநாளும் அப்படியே. சாப்பாடு மண்ணாக இருந்தது. மொக்கச்சாமி அண்ணன் சொன்ன பச்சை ஜோக்குக்கு ஸ்டாண்டே உருண்டபோது, நான் மட்டும் அதில் எழுவாய் எது, பயனிலை எது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அம்மா பூண்டியில் பூண்டு வயலுக்குக் கூலிக்குப் போகிறவள். அவளுடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அந்த வாடை அவள் பேச்சில் இன்னும் இருக்கிறது. அவள்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மகன், காய்ச்சல்னா மருந்து குடிக்கிறதானே? மனசுக்கும் இருக்குமாம். போய்க் கேளு" என்றாள். படிக்காத அம்மா இவ்வளவு சொன்ன பிறகு படித்த நான் போகாமல் இருந்தால் கேவலம். வத்தலக்குண்டுக்கு இறங்கி ஒரு மனநல டாக்டரைப் பார்த்தேன். என் வயதே இருக்கும் ஒரு பெண். பொறுமையாகக் கேட்டார், மனச்சோர்வு என்றார், ராத்திரி ஒரு மாத்திரை எழுதினார். உடம்பு பழகும்வரை வண்டி ஓட்டாதே என்றார். சொன்னபடி வீட்டில் இருந்தேன். ஸ்டாண்டில் 'வயித்துவலி' என்று சொல்லி வைத்தேன்.

மாத்திரை வேலை செய்தது. ஒருநாள் காலை சாவி தானாகத் திரும்பியதுபோல் இருந்தது. பைன் காட்டுப் பக்கம் குரங்கு ஒன்று ஒரு மாமியின் கையிலிருந்த சோளக்கதிரைப் பிடுங்கிக்கொண்டு, அவர் தோளிலேயே உட்கார்ந்து தின்றதைப் பார்த்து ஸ்டியரிங்கில் தலையை முட்டி முட்டிச் சிரித்தேன். சிரித்து முடித்ததும்தான் உறைத்தது, எவ்வளவு நாள் கழித்துச் சிரிக்கிறேன் என்று. பிறகு பழைய ஜோக்கை மொக்கச்சாமி அண்ணனிடம் கேட்டு வாங்கி இன்னொரு தடவை சிரித்தேன். அவருக்கு என் மேல் சந்தேகம் வந்ததே அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

மேலே சிரிப்பு திறந்துகொண்டது. கீழே குழாய் அடைத்துக்கொண்டது.

எப்படிச் சொல்வது? முட்டிக்கொண்டு வரும். ஓடிப் போய் நிற்பேன். நின்றால் ஒன்றும் நடக்காது. தண்ணீர்த் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நிற்பேன். விசில் அடித்துப் பார்ப்பேன். குழந்தைக்குச் சொல்வதுபோல 'ஸ்ஸ்' என்று எனக்கு நானே சொல்வேன். வேறு ஏதாவது நினைக்கலாமென்று பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்வேன். கடைசியில் நாலு சொட்டு. வெளியே வந்து வண்டியை எடுத்து இரண்டு வளைவு தாண்டினால் மறுபடி முட்டும். ஆக, அடிக்கடியும் நிறுத்த வேண்டும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் வெகுநேரமும் ஆகும். சாலையோரம் நின்றுவிடலாமே என்பீர்கள். வண்டிக்குள் பார்ட்டியின் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்க, நாலு சொட்டுக்காகக் கால்மணி நேரம் மரத்தைப் பார்த்து நிற்பவனை நீங்கள் பார்த்ததில்லை. நானும் அப்படி நிற்கத் தயாராக இல்லை. கதவு உள்ள பாத்ரூம் வேண்டும். அது இருப்பது கடைகளுக்குப் பின்பக்கம்.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்வான்? மாத்திரை கொடுத்தவரிடம் போய்ச் சொல்வான். நான் சொல்லவில்லை. டாக்டரம்மா "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்கத்தான் செய்தார். இங்கிலீஷில், தமிழில், பாடப்புத்தகத் தமிழில் என்று மூன்று விதமாக வாயில் வார்த்தை இருந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. மேலேயும் அடைப்பு. "எல்லாம் நல்லா இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டு, அவருடைய ஆஸ்பத்திரி பாத்ரூமிலேயே போய் பதினாறாம் வாய்ப்பாடு சொன்னேன்.

பிறகு நானே வைத்தியம் பார்த்தேன். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். எரிச்சல் வந்ததுதான் மிச்சம். மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாள் வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது, என் தலை மட்டும் வளைவில் திரும்பிக்கொண்டிருக்கிறது. பயந்துபோய் மறுபடி போட ஆரம்பித்தேன். இதற்கிடையே பனியில் மூக்கு வேறு ஒழுகியது. நம் தலைவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு மிட்டாய் டப்பா இருக்குமல்லவா? அந்த நாளில் அதில் மிட்டாய் இருக்காது, சளி மாத்திரை இருக்கும். தும்மினால் போதும், பிரசாதம் மாதிரி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைப்பார். நானும் பக்தியோடு வாங்கி விழுங்கினேன். அன்றைக்கு நாலு சொட்டு இரண்டு சொட்டானது. ஏன் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் கடைசியில் அந்தக் கோயம்புத்தூர்க் குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் பெண். மோயர் பாயிண்ட், பைன் காடு, தூண்பாறை, பிறகு பூம்பாறை. நல்ல மனிதர்கள். நான்தான் நிறுத்திக்கொண்டே போனேன். சாக்லேட் கடை. சோளக்கடை. இன்னொரு சாக்லேட் கடை. நாலாவதாகக் காதர் பாயின் தைலக்கடையில் நிறுத்தியபோது அந்த அப்பா சொன்னார்: "தம்பி, எங்களுக்குத் தைலம் வேண்டாம், சாக்லேட் வேண்டாம். பாறையைக் காட்டுங்க போதும்."

"ரெண்டே நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் ஓடினேன்.

கதவைச் சாத்தினேன். நின்றேன். வாய்ப்பாடு ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் வெளியே செருப்புச் சத்தம். காதர் பாய்.

"தம்பி?"

நான் பதில் சொல்லவில்லை. அந்த நேரத்தில் பேசினால் வருவதும் நின்றுவிடும், அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். கதவுக்கு அடியில் ஒரு நூறு ரூபாய் நோட்டு மெல்ல உள்ளே வந்தது.

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. நான் காலால் அதை வெளியே தள்ளினேன். வெளியே ஒரு பெருமூச்சு. இப்போது இரண்டு நோட்டு வந்தது. தள்ளினேன்.

"என்ன தம்பி, பார்ட்டி இன்னும் ஒரு பாட்டில்கூட எடுக்கல. அதுக்குள்ள இவ்வளவு கறாரா இருந்தா எப்படி?"

பதினாறு ஏழு நூற்றுப் பன்னிரண்டு. மூன்று நோட்டு வந்தது. தள்ளினேன். கொஞ்சம் வேகமாகவே தள்ளிவிட்டேன் போலிருக்கிறது, பாய்க்குக் கோபம் வந்துவிட்டது.

"முப்பது வருசமா கடை வச்சிருக்கேன், உள்ள உக்காந்து ஸ்ட்ரைக் பண்ற டிரைவர இப்பத்தான் பாக்குறேன்! வாங்க வெளிய, பேசிக்குவோம்!"

அந்தச் சத்தத்தில் எனக்கு வந்துகொண்டிருந்த மூன்றாவது சொட்டும் நின்றது. கதவைத் திறந்தேன். பாய் கையில் நோட்டோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால், பாத்ரூம் தேடி வந்த அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் நிற்கிறாள், செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி.

படம் மறுநாளே தலைவருக்கு வந்துவிட்டது. பாத்ரூம் கதவு, நான், பாய், நோட்டு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அதற்கும் மறுநாள் கூட்டம். மொக்கச்சாமி அண்ணன்தான் எழுந்தார்.

"ஏலே செக்ரட்டரி, தீர்மானம் எழுதுனது யாரு?"

"நான்தான்ணே."

"படி."

படித்தேன். என் தமிழ் எனக்கே உறுத்தியது.

"நாலு கடை, ஒரே டிரிப்புல. நாலுலயும் பின்பக்கம். படிச்ச பய, கைநாட்டு நம்மள மாதிரி ஒரு கடையோட விடுவானா? மே மாசம் வரிசையில நம்பர் கெடையாது. எழுது."

எழுத வேண்டியவனும் நான்தான். பேனாவைத் திறந்தேன். என் பெயரை நானே எழுத வேண்டும். அதைவிடப் பெரிய கஷ்டம், எனக்கு அப்போதும் முட்டிக்கொண்டிருந்தது.

காதர் பாய் கையைத் தூக்கினார். "ஒரு நிமிசம். அல்லா மேல ஆணையா சொல்றேன், இந்தத் தம்பி ஒத்தக் காசு வாங்கல. கதவுக்கு அடியில தள்ளுறேன், திரும்பத் தள்ளுறாரு. ஏத்தித் தள்ளுறேன், அதையும் தள்ளுறாரு. சாக்லேட் கடைக்காரரும் இதையேதான் சொன்னாரு, ஆனா அவரு வெளிய தெரிஞ்சா ரேட்டு கெட்டுடும்னு வரல."

அறையில் ஒரு முனகல். வாங்காமல் திருப்பித் தள்ளும் டிரைவர் என்பதை யாராலும் நம்ப முடியவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை. கொடுத்தவரே சொல்கிறாரே.

"அப்ப எதுக்குலே உள்ள போன?" என்றார் மொக்கச்சாமி அண்ணன். "அதுவும் அரைமணி நேரம்?"

தம்பிகளே, கவனியுங்கள், இங்கேதான் என் பிழைப்பு ஒரு நூலில் தொங்கியது. உண்மையைச் சொன்னால் கமிஷன் பழி போகும். ஆனால் 'மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறவன்' என்று தெரிந்தால்? மே மாதம் மட்டுமா போகும்? அந்தப் பயல் மூளை சரியில்லாதவன், அவன் வண்டியில் பார்ட்டியை ஏற்றாதே என்பார்கள். ஒருவனை அப்படிச் சொல்லி, டீக்கடையில் தனி கிளாஸ் வைக்காத குறையாக ஒதுக்கியதை நானே வேறு ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன்.

தலைவர் நல்லவர். என் முகத்தைப் பார்த்து அவராகவே ஒரு வழி திறந்துவிட்டார். "சுகரா தம்பி? சின்ன வயசுலயே வருதாம்ல இப்ப."

எவ்வளவு மரியாதையான வியாதி! அறையில் பாதிப் பேருக்கு உண்டு. நான் தலையை ஆட்டினேனா, குளிரில் நடுங்கினேனா என்று எனக்கே தெரியாது. "அடப் பாவமே" என்று நாலு குரல் கேட்டது. ஒருவர் வெந்தயம் என்றார், ஒருவர் ஆவாரம்பூ என்றார். மொக்கச்சாமி அண்ணனின் முகம்கூட இளகியது. தப்பித்தேன் என்று நினைத்த நிமிஷத்தில் காதர் பாய் ஜிப்பாப் பையில் கைவிட்டு ஒரு சின்ன மிஷினை எடுத்தார்.

"நம்ம மிஷின் எப்பவும் கூடவே இருக்கும். விரல நீட்டுங்க தம்பி."

"வேண்டாம் பாய்."

"கூச்சப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான்."

இரண்டு பேர் அன்போடு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குத்தினார். எல்லாத் தலைகளும் அந்தக் குட்டித் திரையின் மேல் குனிந்தன.

"தொண்ணூத்தி ரெண்டு!" என்றார் பாய். "மாப்பிள்ளைக்குப் பாயாசமே ஊத்தலாம்!"

"சுகர் இல்ல, கமிஷனும் இல்ல. அப்ப என்ன எழவுதாம்லே ஒனக்கு?" மொக்கச்சாமி அண்ணன் மேஜையைத் தட்டினார்.

என்ன செய்திருக்க வேண்டுமென்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை. முட்டிக்கொண்டிருப்பவனுக்கு நீளமான பொய் வராது. அதுவே காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே, எனக்கு மனச்சோர்வு. டாக்டர்ட்ட காட்டி மாத்திரை சாப்பிடுறேன். மாத்திரை நல்லா கேக்குது. ஆனா அதுல ஒன்னுக்கு அடைச்சுக்குது. பாத்ரூமுக்குத்தான் நிறுத்துனேன். வேற ஒன்னும் இல்ல."

வெளியே ஏரியில் யாரோ படகு மிதிக்கும் சத்தம் கேட்டது.

மொக்கச்சாமி அண்ணன் மெதுவாகக் கேட்டார். இந்தத் தடவை மேஜையைத் தட்டவில்லை. "அந்த மாத்திரையப் போட்டுட்டு மலையில வண்டி ஓட்டலாமா? நான் கேலிக்குக் கேக்கல. வண்டிக்குள்ள புள்ளகுட்டி இருக்கும்."

நியாயமான கேள்வி. அதற்கு என் வாயால் பதில் சொன்னால் யார் நம்புவார்கள்? போனை எடுத்து டாக்டரம்மாவின் நம்பரைப் போட்டேன். ஸ்பீக்கரை அமுக்கி மேஜை மேல் வைத்தேன். அறை மொத்தமும் மேஜையை நெருங்கியது.

"டாக்டர், ஸ்பீக்கர்ல இருக்கு. எங்க சங்கத்து ஆளுங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. பரவாயில்லையா?"

"எனக்கென்ன? உங்களுக்குப் பரவாயில்லையா? அதான் கேள்வி."

"பரவாயில்ல டாக்டர். எனக்கு... யூரின்..."

"தமிழ்ல சொல்லுலே, எங்களுக்கும் புரியணும்ல" என்றார் மொக்கச்சாமி அண்ணன்.

"ஒன்னுக்கு வரமாட்டேங்குது டாக்டர். முட்டிக்கிட்டு வருது, போய் நின்னா நின்னுக்கிட்டே இருக்கேன். கொஞ்சம்தான் வருது. உடனே திரும்பப் போகணும்போல இருக்கு."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமாவா? போன தடவை 'வேற தொந்தரவு இருக்கா'ன்னு நான் கேட்டேனே?"

"கூச்சமா இருந்துச்சு டாக்டர்."

"என் ஒருத்திகிட்ட கூச்சம். இப்ப அங்க எத்தனை பேர் இருக்காங்க?"

முதலில் சிரித்தது காதர் பாய். அப்புறம் தலைவர். அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒருவர் சிரிப்பை அடக்கப் போய் இருமினார். நானும் சிரித்தேன். சிரிக்கக் கூடாத நிலைமையில் இருந்தும் சிரித்தேன். ஒன்றும் ஆகவில்லை, அடைப்பில் அது ஒரு வசதி.

டாக்டரம்மா சத்தம் அடங்கும்வரை இருந்துவிட்டுச் சொன்னார்: "இந்த மாத்திரைக்குச் சில பேருக்கு இப்படி ஆகும். இதுல வெக்கப்பட ஒன்னும் இல்ல. டோஸ் குறைக்கலாம், வேற மாத்திரைக்கு மாத்தலாம். நீங்களா நிறுத்தாதீங்க. நாளைக்கே வாங்க. ஒரு சொட்டுகூட வராம அடிவயிறு வலிச்சா, எனக்காகக் காத்திருக்காம நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். ஆமா, வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா? சளிக்கு, தும்மலுக்கு?"

எல்லாத் தலைகளும் தலைவர் பக்கம் திரும்பின. தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"சளி மாத்திரை டாக்டர். ஸ்டாண்டுல குடுப்பாங்க."

"யாரு குடுப்பாங்க? டாக்டரா?"

"தலைவர்."

"இதோட அதையும் சேர்த்துப் போட்டா அடைப்பு கூடத்தான் செய்யும். தூக்கமும் வரும். மலையில வண்டி ஓட்டுறவங்களுக்கு அதை அள்ளிக் குடுக்குற அந்தத் தலைவர் யாரு? போன்ல வரச் சொல்லுங்க."

"தலைவர் வெளிய போயிருக்காரும்மா" என்றார் தலைவர்.

மறுபடி சிரிப்பு. மொக்கச்சாமி அண்ணன் மட்டும் சிரிக்காமல் போனுக்குக் குனிந்தார். "டாக்டரம்மா, நான் பொருளாளர் பேசுறேன். ஒரே கேள்வி. இந்தப் பய வண்டி ஓட்டலாமா, கூடாதா?"

டாக்டரம்மா என்னிடம் கேட்டார். காலையில் தூக்கக் கலக்கம் உண்டா, தலைசுற்றல் உண்டா, பார்வை மங்குகிறதா. இல்லை, இல்லை, இல்லை. "இப்படியே இருந்தா ஓட்டலாம். சளி மாத்திரையைத் தொடக் கூடாது. மாத்திரை மாத்தினதும் கொஞ்ச நாள் ஓட்டாம இருந்து பாக்கணும், அப்புறம் ஓட்டலாம். போதுமா பொருளாளர் சார்?"

"போதும்மா."

"நீங்க எப்படி? நல்லா தூங்குறீங்களா?"

சும்மா மரியாதைக்குக் கேட்டிருப்பார். மொக்கச்சாமி அண்ணன் "நம்ம சோலி கெடக்கட்டும்மா" என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தோம். வைக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தூக்கம் எங்கம்மா வருது" என்றார். அந்தக் குரலை ஸ்டாண்டில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. ஸ்பீக்கரை எப்படி அணைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அணைத்துக் கொடுத்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

அவர் திரும்பி வருவதற்குள் இங்கே வரிசை ஆரம்பித்துவிட்டது. பாயின் மிஷினுக்கு ஒரு வரிசை. விரலை நீட்டிக்கொண்டு நின்றார்கள். டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க இன்னொரு வரிசை. அதில் முந்தியவனை, "நம்பர் பிரகாரம் வாடா" என்று பின்னுக்குத் தள்ளினார்கள். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. சங்க அறைக்குப் பின்பக்கம் ஓடினேன். சிரித்துச் சிரித்து உடம்பு தளர்ந்திருந்ததா, மனதிலிருந்து ஏதாவது இறங்கியிருந்ததா, டாக்டர்தான் சொல்ல வேண்டும். வாய்ப்பாடு இல்லாமலே கொஞ்சம் வந்தது. கதவுக்கு வெளியே யாரோ கை தட்டினார்கள். பாயாகத்தான் இருக்கும்.

திரும்பி வந்தபோது மொக்கச்சாமி அண்ணன் போனை என் கையில் வைத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் தீர்ப்பைச் சொன்னார்.

"இவன் நம்பர் இவன் நம்பர்தான். மே மாசம் வரிசையில நிப்பான். புது மாத்திரை பழகுற வரைக்கும் இவன் வண்டிய நாம முறை போட்டு ஓட்டுவோம், வசூல் இவனுக்கு. இனிமே எவனா இருந்தாலும் பார்ட்டி ஏறுன உடனே சொல்லிரணும், ஐயா எனக்கு அடிக்கடி நிறுத்தணும், பாத்ரூமுக்குத்தான்னு. சொன்னா எவன் திட்டப்போறான்? நாளைக்கு வெள்ளனே நானும் வத்தலக்குண்டு வாரேன்." பிறகு சுற்றிப் பார்த்தார். "வேற எவன் வாரான்? இப்பவே சொல்லுங்க. வண்டியில எடம் பாக்கணும்ல."

முதலில் தலைவர் கையைத் தூக்கினார். அப்புறம் இன்னும் இரண்டு கை. கடைசியாகக் காதர் பாய்: "நமக்கு மனசெல்லாம் திடம்தான். ராத்திரி நாலு தடவ எந்திரிக்கிறேன், அது எந்த டாக்டர்னு கேட்டுட்டு வரலாம்னுதான்."

விடிந்ததும் கிளம்பினோம். வழியெல்லாம் நிறுத்தம். பெருமாள்மலையில் பாய்க்காக. ஊத்து கிராமத்தில் தலைவருக்காக. டம்டம் பாறையில் யாருக்கென்று தெரியாமல் எல்லாரும் இறங்கி, அருவியைப் பார்க்கிற சாக்கில் வரிசையாக நின்றார்கள்; குரங்குகள் எங்களைப் பார்க்க உட்கார்ந்தன. எனக்காக நிறுத்தியதுதான் குறைவு. டாக்டரம்மா ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தார். எனக்கு மாத்திரையை மாற்றினார். மே முதல் வாரம் மற்றவர்கள் என் வண்டியை ஓட்டினார்கள், பிறகு நான் ஏறினேன், மிச்ச சீசன் முழுக்க ஓட்டினேன். மொக்கச்சாமி அண்ணன் உள்ளே போய்ப் பேசியதை எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கையில் ஒரு சீட்டோடு வந்தார், மருந்துக்கடையில் வரிசையில் நின்றார், மலை ஏறும்போது முன் சீட்டிலேயே வாய் பிளந்து தூங்கினார்.

உங்களுக்கு என் நாலு வார்த்தை இதுதான். உடம்பில் எது மாறினாலும், மாத்திரை கொடுத்தவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். அந்த வார்த்தை வாயில் வராவிட்டால் எங்களுக்கு போன் போடுங்கள். ஸ்பீக்கரில் போட்டு நாங்கள் சொல்கிறோம்.

வத்தலக்குண்டிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் சங்கக் கணக்கை எழுத உட்கார்ந்தேன். இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பொருளாளரைக் கேட்டேன். மருத்துவச் செலவு என்று நம் கணக்கில் ஒரு தலைப்பே கிடையாது.

"வண்டிப் பராமரிப்புன்னு போடு" என்றார் மொக்கச்சாமி அண்ணன்.

போட்டேன். டீசல், ஐந்து பேருக்கு டாக்டர் பீஸ், பாய்க்கு வேறு டாக்டர் பீஸ், மருந்து, நிறுத்திய இடத்திலெல்லாம் குடித்த டீ, தீர்ந்துபோன ஒரு டப்பா சுகர் ஸ்ட்ரிப், எல்லாம் சேர்த்து: ஏழாயிரத்து நூற்று எண்பது ரூபாய்.